மூன்று கால் முயல்

நான் விற்கும் சரக்கைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. நானும் பார்த்ததில்லை. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி. அதன் அடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பனிக்கட்டியில் புதைத்து, பனிக்கட்டியைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பெட்டியை அட்டையில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கிப் போகிற பவ்வியத்தோடு ஆய்வுக்கூடங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். உள்ளே வெறும் தண்ணீரே இருந்தாலும் ஆறு மாதத்துக்கு யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகும் அவர்கள் தங்களைத்தான் நொந்துகொள்வார்கள். இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் ஒரு மளிகைக் கடைக்காரனுக்கு வாய்ப்பார்களா?

சரக்கின் பெயர் ஆன்டிபாடி. ஏதாவது ஒரு புரதத்தை முயலுக்கு ஊசியில் ஏற்றினால், முயலின் ரத்தம் அதை அந்நியன் என்று அடையாளம் கண்டுகொள்ளும். அப்படி அடையாளம் காண்கிற பகுதியை மட்டும் ரத்தத்திலிருந்து பிரித்துக் குப்பியில் அடைத்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு எந்தச் செல்லை அரைத்து அதன் முன்னால் வைத்தாலும், அந்தப் புரதம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்லிவிடும். விலைப்பட்டியலில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பட்டியலில் நன்றாக விற்றது ஒன்று உண்டு. ஒரு செல் எப்போது இரண்டாகப் பிரியலாம், எப்போது வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று கட்டளை போடுகிற புரதத்துக்கான ஆன்டிபாடி. அந்தப் புரதம் கோடானுகோடி வருடங்களாகப் பெரிதாக மாறவே இல்லையாம். ஈஸ்டிலும் அதுதான், தவளையிலும் அதுதான், என் மேலாளரிலும் அதுதான். விலைப்பட்டியலில் மனிதன், எலி, தவளை, ஈ, ஈஸ்ட் என்று வரிசையாகப் படம் போட்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சை டிக் அடித்திருப்பார்கள். ஐந்து டிக். ஐந்தும் சேர்ந்து என் வீட்டு வாடகை.

இதை அதிகமாக வாங்கியவர் ஒரு பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒத்தைக்கோடு. காரணம் இருக்கிறது. அரைத்த செல்லில் உள்ள புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, ஒரு வெள்ளைச் சவ்வுத்தாளில் பதித்து, அதை ஆன்டிபாடியில் ஊறவைப்பார்கள். தேடுகிற புரதம் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். நிறைய இருந்தால் கோடு தடிமன். ஒத்தைக்கோடு தன் வாழ்நாளில் காட்டியது ஒரே ஒரு படம்தான். நோயுற்ற ஈரல் செல்லில் கோடு தடியாக இருக்கும், ஆரோக்கியமான செல்லில் மங்கலாக இருக்கும். இந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு மனிதர் விருது வாங்கினார், பதவி வாங்கினார், அறைக்குள் இன்னோர் அறை கட்டிக்கொண்டார். எந்த மேடையில் ஏறினாலும் அதே உரை, அதே இடத்தில் அதே நகைச்சுவை. நானும் அதே இடத்தில் சிரிப்பேன். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்தவள் என் மனைவியின் தங்கை. எங்கள் வீட்டிலேயே தங்கிப் படித்தாள். ஆய்வேட்டை எழுதி முடித்து, கல்லூரியில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட்டால் பட்டம் வந்துவிடும். ஐந்து வருடமாகக் கிடைத்துவந்த உதவித்தொகையும் அதே மாதக் கடைசியோடு நின்றுவிடும். என் மனைவி அவள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று சேர்த்துக் கூப்பிட்டு ஒத்திகை பார்க்கவே ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் ஓர் ஆய்விதழிலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய கட்டுரை பிரமாதம், வெளியிடுகிறோம், ஆனால் கோடு தெரிகிற துண்டு மட்டும் போதாது, நறுக்காத முழுத்தாளின் படம் ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் முழுத்தாளின் படம் என்று ஒன்று கிடையாது. அவளிடம் மட்டுமல்ல, எவரிடமும் கிடையாது. ஏனென்றால் அங்கே ஒரு சிக்கனம் இருந்தது. என் சரக்கு விலை கூடியதல்லவா? முழுத்தாளையும் அதில் ஊறவைத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே கோடு விழுகிற இடத்தை மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பிளேடால் நாடாவாக நறுக்கி ஊறவைப்பார்கள். மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். எந்த இடத்தில் நறுக்குவது என்று முதன்முதலில் முடிவுசெய்த புண்ணியவான் யாரென்று யாருக்கும் தெரியாது. அவர் நறுக்கிய இடத்தில் அடுத்தவர் நறுக்கினார். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் நறுக்கினார். அளவு வைத்துப் பார்த்தால், கோடு விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் விழுந்துகொண்டிருந்தது. கேட்டவர்களிடம் ஒத்தைக்கோடு, "நம்ம புரோட்டீன் கொஞ்சம் சோம்பேறி, மெதுவாத்தான் ஓடும்," என்பார். நான் சிரிக்கிற இடம் அதுதான்.

வேறு வழியில்லாமல் அவள் முழுத்தாளை ஊறவைத்தாள். ஒரே மூச்சில் அரைக்குப்பி காலி என்று கேள்விப்பட்டு நான் உள்ளூர மகிழ்ந்தேன். முழுசாகச் செய்வதுதான் விஞ்ஞானம் என்று அவளுக்கு அறிவுரை வேறு சொன்னேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினாள். "ரெண்டு கோடு இருக்கு, அத்தான்."

மேலே நமக்குத் தெரிந்த அந்தத் தடிக் கோடு. அதற்குக் கீழே, இத்தனை வருடமாகக் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த பகுதியில், பென்சிலால் கிழித்த மாதிரி மெலிசாக இன்னொன்று. நோயுள்ள செல், நோயில்லாத செல் எல்லாவற்றிலும் ஒரே அளவு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை. மெலிசுக் கோடுதான் அளவுப்படி சரியான இடத்தில் இருக்கிறது என்றாள்.

ஒத்தைக்கோட்டிடம் காட்டியிருக்கிறாள். கீழே இருப்பது அழுக்கு, வெட்டிவிட்டு அனுப்பு என்று சொல்லியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கே ஒரு திறமை வேண்டும். இவர் அதற்கு முன்பே சோற்றுத் தட்டைச் சின்னதாக நறுக்கி வைத்துக்கொண்ட மகான். எது அசல், எது அழுக்கு என்று எப்படி சார் கண்டுபிடிப்பது என்று இவள் கேட்டிருக்கிறாள். முடியாது என்பதுதான் அவர் பதில். அந்தப் புரதம் இல்லாத செல்லை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அது இல்லாவிட்டால் செல் செத்துப்போகும். ஆகவே அது இல்லாத செல்லே உலகத்தில் கிடையாது. ஆகவே யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. ஆகவே அவர் சொன்னதுதான் சரி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாலாவது காலை எண்ணுவதே சாத்தியமில்லை என்று நிரூபித்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் இரண்டு நாள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவது நாள் என் பையிலிருந்து விலைப்பட்டியலை உருவி, அந்த ஐந்து பச்சை டிக்கையும் உற்றுப் பார்த்தாள்.

"இதுல யார் இல்ல, அத்தான்?"

யானை இல்லை என்றேன். தலையிலேயே தட்டியிருப்பாள், அக்கா புருஷன் என்று விட்டுவிட்டாள். பாக்டீரியா இல்லை என்றாள். அந்தப் புரதம் ஈஸ்ட் வரைக்கும்தான் உண்டு. பாக்டீரியாவுக்கு அதன் வாடையே கிடையாது. அது இல்லாததால் செத்தும் போகாது. அந்தக் கூடத்தின் ஃபிரிட்ஜில் சும்மா கிடந்த பாக்டீரியாவை அரைத்து, ஈரல் செல்லுக்குப் பக்கத்தில் வைத்து, முழுத்தாளையும் ஊறவைத்தாள்.

படத்தைப் பார்த்தபோது எனக்கே, ஐந்து டிக்கை மட்டும் வேதமாக நம்பி வாழ்ந்தவனுக்கே, விஷயம் புரிந்துவிட்டது. பாக்டீரியாவில் மெலிசுக் கோடு இல்லை. தடிக் கோடு இருந்தது. ஜம்மென்று இருந்தது. ஒத்தைக்கோட்டின் விருதும் பதவியும் அறைக்குள் அறையும் ஒரு கிருமிக்குள் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தன.

நான் எங்கள் நிறுவனத்தில் முயல் பிரிவைக் கவனிக்கிற அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முயலுக்கு ஏற்றிய புரதத்தை எங்கே வளர்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள், பாக்டீரியாவுக்குள்தான் வளர்த்தார்கள். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் பாக்டீரியா ஒட்டிக்கொண்டுதான் வரும் என்றார். என் மொழியில் சொன்னால், மாப்பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்துவைத்துக்கொள் என்று முயலுக்குக் காட்டினார்கள். முயல், அவரைக் கூட்டிவந்த ஓட்டுநரின் முகத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டது. ஓட்டுநர்தான் கொஞ்சம் எடுப்பாக இருந்தார் போலிருக்கிறது.

மீதியை எங்கள் வீட்டுச் சின்னவளே கண்டுபிடித்தாள். ஈரல் செல்லுக்குள் ஓட்டுநருக்கு என்ன வேலை? நோயுற்ற செல் என்று அங்கே வளர்த்துவந்தது, ஒத்தைக்கோட்டின் நண்பர் ஒருவர் எப்போதோ அன்பளிப்பாகத் தந்தது. அதில் மைக்கோபிளாஸ்மா குடியிருந்தது. அதுவும் பாக்டீரியா வகையறாதான், தூரத்துப் பங்காளி. நுண்ணோக்கியில் தெரியாது, குடுவையைக் கலங்கவைக்காது, சாதாரண மருந்துக்குச் சாகாது. வாடகை கொடுக்காத, சத்தமும் போடாத குடித்தனக்காரன். பக்கத்தில் வளர்ந்த ஆரோக்கியமான செல்லுக்கும் அது கொஞ்சம் தொற்றியிருந்தது, அங்கே மங்கலாக விழுந்த கோடு அதுதான். வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து அதே நோயின் சுத்தமான செல்லை வாங்கிவந்து பார்த்தாள். தடிக் கோடு காணாமல் போயிருந்தது. மெலிசுக் கோடு மட்டும் அது பாட்டுக்கு இருந்தது, எல்லாவற்றிலும் ஒரே அளவில். அதாவது இத்தனை காலமும் அந்தக் கூடம் தான் செல் வளர்க்கும் இன்குபேட்டரின் அழுக்கை அளந்து, படம் பிடித்து, மேடையேற்றியிருக்கிறது. கூடவே அசல் புரதத்தை அழுக்கு என்று தினமும் நறுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இங்கே காசு அரசாங்கத்துடையது, சூனியம் என்னுடையது.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, மாதக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான். முதலில் பட்டத்தை வாங்கட்டும், உண்மையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், உண்மை எங்கேயும் ஓடிப்போகாது என்றாள். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனதும் என் பக்கம் திரும்பினாள். இவள் இதைக் காட்டப்போகிற கூட்டத்தில் நீங்களும் இருப்பீர்களாமே, அங்கே வாயைத் திறந்தால் நடக்கிறதே வேறு என்றாள்.

இருக்கத்தான் போகிறேன். அந்தக் கூடத்தின் வாராந்திரக் கூட்டத்துக்கு எங்கள் நிறுவனம் தேநீரும் பிஸ்கட்டும் தரும். பதிலுக்கு முதல் பத்து நிமிடம் என் சரக்கைப் பற்றி நான் பேசலாம். விஞ்ஞானத்தை விலைக்கு வாங்குவதற்கு இதைவிட மலிவான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி என்ன செய்வது என்று கேட்டேன். புகார் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியே உண்டு: சரக்கில் குறை இல்லை, வாங்கியவர் சரியாகக் குளிரவைக்கவில்லை. அதையே சொல்லச் சொன்னார். ஒத்தைக்கோட்டின் அடுத்த வருட ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது சின்னவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "சார் உங்களைத்தான் கேப்பாரு, அத்தான். நான் சொன்னா ஸ்டூடன்ட் சொல்றான்னு ஆகிடும். அப்ப மழுப்பாதீங்க."

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் எனக்கு நல்ல அனுபவம். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

கூட்டத்தில் என் பத்து நிமிடத்தை நான் ஐந்தாகச் சுருக்கிவிட்டேன். பச்சை டிக் பக்கத்தை அவசரமாகத் தாண்டினேன். அடுத்து அவள் எழுந்தாள். நறுக்காத தாளைத் திரையில் போட்டாள். ஈரல் செல், பாக்டீரியா, சுத்தமான செல். அவசரப்படாமல், ஒவ்வொன்றையும் குச்சியால் தொட்டுக் காட்டினாள். பிஸ்கட் கடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

 ஒத்தைக்கோடு நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"கம்பெனிக்காரரே இங்க இருக்காரு, அவரையே கேட்டுடுவோம். ஏங்க, உங்க சரக்கு பாக்டீரியாவையும் பிடிக்குமா? இல்ல, நம்ம பொண்ணு ஃபிரிட்ஜ்ல வைக்க மறந்துட்டாளா?"

எவ்வளவு நயமான கேள்வி. பதிலையும் அவரே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார். நான் எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். ஆமாம், மறந்திருப்பாள் என்று சொன்னால் ஆர்டர் கையெழுத்தாகும், பழைய நாடாக்களை வைத்து அவளுக்குப் பட்டம் வந்துவிடும், மனைவி சந்தோஷப்படுவாள், மேலாளர் தட்டிக்கொடுப்பார். ஆனால் ஒரு குப்பியைக் குளிரவைக்கத் தெரியாத பெண் என்று அந்த அறை அவளைக் கடைசிவரைக்கும் நினைத்துக்கொள்ளும். அவள் என்னைப் பார்க்கவில்லை. குச்சியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குக் கூடத் தேதி எழுதி ஒட்டுகிறவள் அவள்.

நான் வீரன் இல்லை. வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

"பிடிக்கும் சார். முயலுக்குப் போட்ட புரோட்டீனை பாக்டீரியாவுலதான் வளத்திருக்காங்க. முயல் ரெண்டு பேரையும் பார்த்திருக்கு. ஃபிரிட்ஜ் மேல தப்பில்ல."

"இத்தனை வருஷமா இதை நீங்க சொல்லவே இல்லையே."

"எனக்கே போன வாரந்தான் சார் தெரியும்."

"என்னன்னு தெரியாமலா வித்தீங்க?"

"ஆமா சார். நீங்க தெரியாம வாங்கினீங்க, நான் தெரியாம வித்தேன். நமக்குள்ள ஒரு ஒத்துமை இருந்திருக்கு."

பின்வரிசையில் யாருக்கோ பிஸ்கட் புரையேறியது. ஒத்தைக்கோடு என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அது வேறு கொஞ்சம் பயமாக இருந்தது.

"சரி. அப்போ உன் தீசிஸ்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாத தீசிஸுக்குப் பட்டம் தர மாட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியும் சார்." குச்சியை மேசைமேல் வைத்தாள். "ஆனா இனிமே பிளேடு எடுக்கக் கை வராது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தனக்கு இன்னொரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். போகும்போது இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். மனிதரின் நிதானத்தை நான் பாராட்டாமல் இருக்க முடியாது.

மாதக் கடைசி வந்தது, போனது. ஆய்வேடு போகவில்லை. உதவித்தொகை நின்றது. என் மனைவி இரண்டு பேரிடமும் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சமையலறையிலிருந்து பாத்திரங்கள்தான் எங்களோடு பேசின, அவையும் மரியாதையாகப் பேசவில்லை. ஒத்தைக்கோட்டின் ஆர்டர் எங்கள் போட்டி நிறுவனத்துக்குப் போனது. என்னை ஆன்டிபாடியிலிருந்து எடுத்துக் கையுறைப் பிரிவில் போட்டார்கள். கையுறை நல்ல சரக்கு. கிழிந்தால் கிழிந்தது தெரியும்.

அதற்கப்புறம் நடந்ததை நான் இட்டுக்கட்டியதாக நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. எங்கள் நிறுவனம் நடந்ததை ஆராய்ந்து, தீர ஆலோசித்து, விலைப்பட்டியலைத் திருத்தியது. மனிதன், எலி, தவளை, ஈ, ஈஸ்ட். அதற்குப் பக்கத்தில் புதிதாகப் பாக்டீரியா. பச்சை டிக். விலையும் ஏறியது. ஒத்தைக்கோடோ இப்போது ஊர் ஊராகப் போய், ஆய்வுக்கூடங்களில் மறைந்திருக்கும் மாசு என்ற தலைப்பில் உரை நிகழ்த்துகிறார். திரையில் அவள் எடுத்த முழுத்தாள்தான் வருகிறது. அவள் பெயர் கீழே, ஓரத்தில், நறுக்குவதற்கு வசதியான இடத்தில் இருக்கிறது. நகைச்சுவை மட்டும் மாறவில்லை. அந்த இடத்தில் இப்போது யார் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

சின்னவள் அடுத்த கட்டிடத்தில் ஒரு பேராசிரியை அம்மாவிடம் சேர்ந்தாள். அவரிடம் கொஞ்சம் உதவித்தொகை இருந்தது, நிறையச் சந்தேகம் இருந்தது. சரியான ஜோடி. இன்குபேட்டரைக் கழுவி, பழைய குடுவைகளையெல்லாம் கொதிக்கவைத்துக் கொட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். முழுத்தாளைத்தான் ஊறவைக்கிறாள். கையுறை நான் மாதிரிக்கென்று கொண்டுவந்து கொடுக்கிறேன். சின்ன அளவு இல்லையா அத்தான் என்று ஒவ்வொரு முறையும் குறை சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொள்கிறாள்.

போன வாரம் அவள் புதிதாக எடுத்த ஒரு படத்தை மேசையில் வைத்திருந்தாள். என் மனைவி துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்றாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எதுடி நிஜம்?"

சின்னவள் அந்த மெலிசுக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவு மெலிசாவா? எல்லாத்துலயும் ஒரே மாதிரி வேற இருக்கு. இதுக்கா அஞ்சு வருஷம்?"

"ஆமாக்கா."

என் மனைவி நிமிர்ந்து, இத்தனை நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். "சரி, ஓரத்துல தண்ணி படாம எடுத்து வை," என்றாள். படத்தைத் தானே எடுத்து, ஈரம் இல்லாத பக்கமாக நகர்த்திவைத்துவிட்டு, மேசையின் மிச்சத்தைத் துடைக்கப் போனாள்.